தையலைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு விற்பது: அமெரிக்க வரலாற்றுச் சந்தைகளில் காலனிக் கால உடைகள்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை மாநிலங்களிலும் பேரேரிகளை ஒட்டிய மாநிலங்களிலும், 18ஆம் நூற்றாண்டுக் கோட்டைகளையும் போர்க்களங்களையும் சுற்றி, வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் முடிய வரலாற்று மீள்நடிப்பு முகாம்கள் கூடுகின்றன. அங்கு வரும் படைவீரர் வேடத்தினருக்கும் அவர்களுடன் முகாமிடும் குடும்பத்தினருக்கும் உடை, பாத்திரம், தோல்பொருள் முதலியவற்றை விற்கும் வணிகரைச் சட்லர் என்று அழைப்பது அந்த வட்டத்தின் வழக்கம். பழைய நாளில் படையைப் பின்தொடர்ந்து சென்று கடை விரித்தவர்களுக்கு வழங்கிய பெயரே இன்றும் நீடிக்கிறது. தையல் தெரிந்த ஒருவர் இச்சந்தைகளில் கடை விரிக்க விரும்பினால், முதலில் அறிந்துகொள்ள வேண்டியது வாடிக்கையாளரின் ஒரு பழக்கத்தை. அனுபவமுள்ளவர் சட்டையைக் கையில் எடுத்தவுடன் அதன் முகப்பைப் பார்ப்பதில்லை. கீழோரத்தைப் புரட்டி உட்புறத் தையலைப் பார்க்கிறார். காஜாவை விரலால் தடவிப் பார்க்கிறார். அதன் பிறகுதான் விலையைக் கேட்கிறார். துணி வாங்குவது முதல் விலைச்சீட்டு எழுதுவது வரை நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கணத்தில் சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

எந்த ஆண்டு, எந்த இடம்

காலனிக் காலம் என்ற சொல் விளம்பரப் பலகைக்குப் போதும். துணியை வெட்டுவதற்குப் போதாது. 1607இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து 1776இல் விடுதலை அறிவிப்பு வெளியானது வரையிலான 169 ஆண்டுகளை அந்தச் சொல் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. நடைமுறையில் சந்தையைத் தாங்கி நிற்பவை இரண்டு போர்கள்: 1754 முதல் 1763 வரை நடந்த பிரெஞ்சு–செவ்விந்தியப் போர், 1775 முதல் 1783 வரை நடந்த விடுதலைப் போர். இவ்விரண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள்தான் என்றாலும் உடையில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கோட்டுக்குள் அணியும் வெயிஸ்ட்கோட் 1750களில் தொடை வரை நீண்டு தொங்கும், கோட்டின் கைமடிப்பு அகலமாக இருக்கும். 1770களின் பிற்பகுதிக்கு வரும்போது வெயிஸ்ட்கோட் வெகுவாகக் குறுகிவிடுகிறது, கைமடிப்பும் சிறுத்துவிடுகிறது. 1758ஆம் ஆண்டுக் காவல்படை வீரராக வருபவருக்கு 1780ஆம் ஆண்டு வெயிஸ்ட்கோட்டைக் கொடுத்தால், அவருடைய குழுவில் உடையைச் சரிபார்ப்பவர் அதை முகாமுக்குள் அனுமதிக்க மாட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் உங்களிடம்தான் வருவார்.

இடமும் அதே அளவுக்கு முக்கியம். மேரிலாந்தின் பிக் பூல் அருகே 1756இல் கட்டத் தொடங்கப்பட்ட பிரெட்ரிக் கோட்டையில் வசந்தத்தில் நடக்கும் சந்தைக்கு, ஆங்கிலேயக் குடியேறிகளின் உழைப்பு உடைகளும் எல்லைப்புறத்தாரின் உடைகளும் பொருந்தும். இந்தியானாவின் வெஸ்ட் லாஃபயட்டில் 1968 முதல் இலையுதிர் காலத்தில் நடந்துவரும் 'ஃபீஸ்ட் ஆஃப் தி ஹன்டர்ஸ் மூன்' என்ற விழாவோ, உயடனான் கோட்டையில் பிரெஞ்சு வணிகரும் பூர்வகுடியினரும் கூடிய காட்சியை மீட்டுக் காட்டுவது. அங்கே தலைமூடி வைத்த கம்பளி காபோட் கோட்டும், முழங்காலில் கட்டும் கம்பளிக் காலுறையும் கேட்பார்கள். மிச்சிகனின் கலமசூவில் மார்ச் மாதத்தில் கூடும் கண்காட்சி கட்டடத்துக்குள் நடப்பது. பருவம் தொடங்கும் முன் உடை சேர்ப்பவர்கள் அங்கே வருகிறார்கள். வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லத்தில் செப்டம்பரில் நடக்கும் சந்தைக்குச் சுற்றுலாப் பயணிகளே மிகுதி. அவர்கள் முழு உடையை வாங்குவதில்லை, ஒரு தலைக்குல்லாயையோ கழுத்துக்குட்டையையோ வாங்கிச் செல்கிறார்கள். முதல் ஆண்டில் ஒரு போரையும் ஒரு நிலப்பகுதியையும் தேர்ந்து அதற்கு மட்டும் தைப்பதே நல்லது.

இப்போது தொடங்குபவருக்குக் காலமும் சாதகமாக இருக்கிறது. விடுதலைப் போரின் 250ஆம் ஆண்டு நிகழ்வுகள் 2025 ஏப்ரலில் லெக்சிங்டன், கான்கார்ட் நினைவுகளுடன் தொடங்கின. சரடோகாவுக்கு 2027, மான்மவுத்துக்கு 2028, யார்க்டவுனுக்கு 2031 என்று கணக்கு நீள்கிறது. எந்தப் படைப்பிரிவு எந்தப் போரில் இருந்தது என்று பார்த்து, அதை நடிக்கும் குழுக்களுக்கு ஓராண்டு முன்னதாகவே மாதிரிகளைக் காட்டத் தொடங்கலாம். 1962இல் தோன்றிய 'பிரிகேட் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' போன்ற கூட்டமைப்புகள் தம் உறுப்புக் குழுக்களின் உடைக்கு விதிமுறை வைத்திருக்கின்றன. ஒரு குழுவின் விதிமுறைக்கு உங்கள் சட்டை பொருந்திவிட்டால், ஒருவருக்கு விற்ற இடத்தில் பன்னிரண்டு பேருக்கு விற்கலாம்.

எதைத் தைப்பது

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்டுக் கவுனிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அது பார்வைக்கு அழகு. கடைக்கு முன்னால் கூட்டத்தையும் நிறுத்தும். ஆனால் மாதக்கணக்கில் உழைத்த அந்த ஒற்றைக் கவுனுக்குச் சரியான உடல் அளவுள்ள ஒரு பெண், சரியான பணத்துடன், சரியான நாளில் வந்து சேர வேண்டும். அக்காலத்துப் பெண் உடைத் தையற்காரர்கள் கவுனை வாடிக்கையாளரின் உடல்மீதே, ஸ்டேஸ் எனப்படும் கச்சின்மேல் துணியைப் போர்த்தி வெட்டினார்கள் என்பதை நினைத்தால், தயார்நிலைக் கவுன் ஏன் யாருக்கும் பொருந்துவதில்லை என்பது விளங்கும். கவுனையும் ஆண்களின் கோட்டையும் அளவெடுத்துத் தைக்கும் முன்பதிவுக்கு விட்டுவிடுங்கள்.

மேசைமேல் அடுக்கி விற்கத் தக்கவை உடலுக்கு அருகில் அணியும் எளிய வெண்துணிகள்: ஆண்களின் சட்டை, பெண்களின் ஷிஃப்ட் என்னும் உள்ளங்கி, தலைக்குல்லாய், ஏப்ரன், கழுத்துக்குட்டை, இடுப்பில் நாடாவால் கட்டிக்கொள்ளும் பை, நாடா கட்டும் பாவாடை. இவற்றில் பெரும்பாலானவை நேர்க்கோட்டுத் துண்டுகளால் ஆனவை. அளவு ஓரளவு முன்பின் இருந்தாலும் பொருந்தும். அழுக்கும் வியர்வையும் படுவதால் ஒருவருக்கு ஒன்று போதாது. ஒரு படைவீரருக்குக் கோட்டு ஒன்று இருந்தால் பத்தாண்டு ஓடும். சட்டையோ குறைந்தது மூன்று வேண்டும்.

அந்தச் சட்டையின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர் சோதிப்பது அதைத்தான். உடல் ஒரே நீளத் துண்டு, தோளில் மடிந்து முன்னும் பின்னும் இறங்கும், கைகள் செவ்வகங்கள், அக்குளில் ஒரு சதுரத் துண்டு, கழுத்தோரத்தில் சிறு முக்கோணத் துண்டு. வளைவாக வெட்டுவது ஏறக்குறைய இல்லை என்பதால் துணி வீணாவதும் இல்லை. கையின் மேல்நுனியும் மணிக்கட்டுப் பக்கமும் மெல்லிய சுருக்குகளாகச் சேர்த்துப் பட்டியில் ஒவ்வொரு சுருக்காகப் பிடித்துத் தைக்கப்படும். கழுத்துப் பிளவின் கீழ்முனை கிழியாமலிருக்க இதய வடிவில் ஒரு சிறு துண்டு வைப்பதுண்டு. பொத்தான்கள் நூலால் சுற்றிச் செய்தவை. நீளம் தொடை வரை இருக்க வேண்டும், ஏனென்றால் அக்காலத்தில் பெரும்பாலானவர்களுக்குச் சட்டையின் வாலே உள்ளாடை. முன்பக்கம் முழுவதும் திறந்து பொத்தான் வைத்த சட்டையும், நெஞ்சில் தோல் நாடா கோத்துக் கட்டும் சட்டையும் திரைப்படக் கடற்கொள்ளையருக்கு உரியவை.

அதேபோல் ரப்பர் நாடா போட்டு வட்டமாகச் சுருக்கிய குல்லாய், வெளியே அணியும் கயிறு கட்டிய ரவிக்கை, உலோக வளையம் அடித்த துளைகள் ஆகியவற்றை மேசையில் வைக்காதீர்கள். இத்தகைய போலிப் பொருள்களை அந்த வட்டத்தார் ஃபார்ப் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சொல் ஒருமுறை உங்கள் கடைமீது விழுந்துவிட்டால் பக்கத்தில் வைத்திருக்கும் நல்ல சட்டையும் விற்காது.

துணி, நூல், நிறம்

இக்கடையின் முதன்மைத் துணி லினன். எலி விட்னியின் பருத்தி அரைவை இயந்திரம் 1793இல்தான் வந்தது. அதற்கு முன் பருத்தி அமெரிக்காவில் மலிவான துணியாக இருக்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ் என்பதால், மலிவு கருதிப் பருத்தியில் சட்டை தைக்க ஆசை எழும். முகாமில் தீ மூட்டி ஆறு மணி நேரம் வேலை செய்பவர் லினனுக்கும் பருத்திக்கும் உள்ள வேறுபாட்டைத் தோலிலேயே உணர்வார். ஆஸ்னபர்க் என்ற பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது: அன்று அது முரட்டு லினன், இன்று துணிக்கடையில் அப்பெயரில் கிடைப்பது பருத்தி. கம்பளி கோட்டுக்கும் வெயிஸ்ட்கோட்டுக்கும் பாவாடைக்கும் மேலங்கிக்கும் வேண்டும்; பாலியஸ்டர் கலக்காததாக இருக்க வேண்டும், அதுவும் முகாம் தீப்பொறியைக் கருதி. கம்பளியில் பொறி விழுந்தால் கருகி அணையும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

பருத்தி அறவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமிட்ட சீட்டித் துணி அட்லாண்டிக்கைக் கடந்து காலனிகளுக்குப் போயிருக்கிறது. 1721 முதல் 1774 வரை அச்சிட்ட பருத்தி உடைகளை இங்கிலாந்தில் அணியச் சட்டம் தடை விதித்திருந்தபோதும், குடியேற்றங்களுக்கு ஏற்றுமதி செய்யத் தடை இருக்கவில்லை. சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டின் ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்களுடன் ஒன்பது பொதிச் சரக்கு அனுப்பினார். அச்சரக்கை விற்ற பணத்தில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு யேல் என்ற பெயரும் வந்தது. ஆகவே நல்ல கலம்காரி வடிவத்தில் ஒரு கழுத்துக்குட்டையோ ஜாக்கெட்டோ தைத்தால் அது வரலாற்றுக்குப் புறம்பானதல்ல. ஆனால் வடிவத்தை அருங்காட்சியகத் துணுக்குடன் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். யானை வரிசையும் பெரிய மாங்காய்க் கரையும் பதித்த இன்றைய படுக்கைவிரிப்புத் துணி அந்த வேலைக்கு ஆகாது.

நிறத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. வில்லியம் பெர்க்கின் 1856இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். உங்கள் நிறம் அதற்கு முந்தைய சாயங்களால் கிடைத்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு, கோச்சினீல் பூச்சியின் கருஞ்சிவப்பு, வால்நட் ஓட்டுப் பழுப்பு, வெல்டு செடியின் மஞ்சள், அதன்மேல் அவுரி தோய்த்த பச்சை ஆகியவை போதுமான வண்ணத் தட்டு. இயற்கைச் சாயமே தோய்க்க வேண்டும் என்பதில்லை. அந்த நிறத்தில் இருந்தால் போதும்.

எளிய மக்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு ஓவியங்களை மட்டும் நம்பக் கூடாது. அக்கால ஓவியர் காப்லி வரைந்த பாஸ்டன் செல்வர்கள் உங்கள் வாடிக்கையாளரின் வேடமல்ல. இரண்டு சான்றுகள் இங்கே பெரிதும் உதவும். ஒன்று, லண்டன் ஃபவுண்ட்லிங் மருத்துவமனையில் 1741 முதல் 1760 வரை விடப்பட்ட குழந்தைகளின் பதிவேட்டில் அடையாளத்துக்காகக் குத்திவைத்த ஆயிரக்கணக்கான துணித் துண்டுகள். ஏழைத் தாய்மாரின் உடைகள் எந்தத் துணியில் இருந்தன என்பதை அவை நேரடியாகக் காட்டுகின்றன. மற்றொன்று, பென்சில்வேனியா கெசட், வர்ஜீனியா கெசட் போன்ற செய்தித்தாள்களில் தப்பியோடிய அடிமைகளையும் ஒப்பந்த வேலையாள்களையும் பிடித்துத் தரக் கோரிய அறிவிப்புகள். பிடிக்க வேண்டும் என்ற கொடிய நோக்கத்தால்தான் அவற்றில் கோட்டின் நிறமும் பொத்தானும் ஒட்டும்கூட எழுதப்பட்டன. வர்ஜீனியா அறிவிப்புகளில் கிழக்கிந்தியர் என்று குறிக்கப்பட்டவர்களும் உண்டு. தமிழர் ஒருவர் அந்த உடையில் கடையில் நின்றால் வேடம் பொருந்துமா என்று தயங்குபவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

தையல் இயந்திரம் 1846க்குப் பின் வந்தது. ஆகவே நேர்மையான பிரதி என்றால் முழுவதும் கையால்தான்: இழுபடும் இடத்தில் பின்தையல், மற்ற இடத்தில் ஓட்டுத் தையல், தையல் ஓரங்களை மடித்து அமுக்கித் தைப்பது, தேன்மெழுகு தடவிய லினன் நூல். சட்டைக்கு அங்குலத்துக்குப் பத்துக்குக் குறையாமல் தையல் விழ வேண்டும். ஆனால் இயந்திரம் போல ஒரே சீராக விழ வேண்டியதில்லை. கச்சுக்குத் திமிங்கில எலும்பு தேவைப்படுமே என்று பழைய எலும்பைத் தேடிப் போகாதீர்கள். 1972இன் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பட்டையும் பிரம்பும் நன்றாகவே வேலை செய்கின்றன. தொப்பிக்கு இறகு வைப்பதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். காட்டுப் பறவைகள் பெரும்பாலானவற்றின் இறகை விற்பது 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வீட்டுச் சேவல் இறகோ வாத்து இறகோ போதும்.

விலை

ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். இன்றைய அகல லினனில் இரண்டரை கெஜம், கெஜம் 15 டாலர் என்றால் 37.50 டாலர், நூல், மெழுகு, பொத்தானைச் சேர்த்து 43 டாலர் ஆகும். முழுக்கக் கையால் தைக்கக் கைபழகியவருக்கு 25 மணி நேரம் பிடிக்கும் என்று கொள்வோம். மணிக்கு 15 டாலர் மட்டுமே வைத்தாலும் கூலி 375. மொத்தம் 418 டாலர், அதன்மேல் கடை வாடகை, பயணம், விற்காமல் போனவை ஆகியவற்றுக்காக 15 விழுக்காடு சேர்த்தால் 480 டாலரைத் தொடும். அந்த விலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சந்தையில் இரண்டு பேர் வந்தால் நல்ல நாள்.

பெரும்பாலான சட்லர்கள் இதற்குக் கண்ட வழி நடுப்பாதை: வெளியே தெரியாத நீளத் தையல்களை இயந்திரத்தில் ஓட்டி, ஓரம், காஜா, கழுத்துப்பட்டி, மணிக்கட்டு ஆகியவற்றைக் கையால் முடிப்பது. அதற்கு எட்டு மணி நேரம் போதும். அதே கணக்கில் 163 டாலர், 15 விழுக்காட்டுடன் 187 டாலர் ஆகும். இதில் எந்தக் குறையும் இல்லை, ஒரு நிபந்தனையுடன்: விலைச்சீட்டிலேயே எது கை, எது இயந்திரம் என்று எழுதிவிட வேண்டும். கையால் தைத்தது என்று பொதுவாக எழுதி, வாங்கியவர் வீட்டில் அக்குளைத் திருப்பிப் பார்த்து இயந்திரத் தையலைக் கண்டுபிடித்தால், நீங்கள் இழப்பது ஒரு சட்டையின் விலையை அல்ல. அவருடைய குழுவையே இழக்கிறீர்கள். இரண்டு வகையையும் அருகருகே வைத்து, இரண்டின் உட்புறத்தையும் வெளியே திருப்பிக் காட்டி விற்பது நான் அறிந்தவரை மிகச் சிறந்த வழி. விலை வேறுபாட்டை நீங்கள் விளக்க வேண்டியிராது.

குல்லாயில் கூலி ஒருபோதும் முழுதாகத் திரும்பாது. அரைக் கெஜ மெல்லிய லினன்தான்; ஆனால் அதன் உருட்டு ஓரத்துக்கும் மெல்லிய சுருக்குக்கும் ஆறேழு மணி நேரம் போய்விடும், நூறு டாலருக்கு மேல் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். இருந்தாலும் நான்கைந்து வைத்திருங்கள். உங்கள் ஊசிவேலையின் தரத்தைக் குல்லாயைப் போல் வேறெதுவும் காட்டாது. கவுனுக்கு முன்பதிவு செய்பவர் பெரும்பாலும் முதலில் ஒரு குல்லாய் வாங்கியவராகத்தான் இருப்பார்.

இடம் கேட்பது

நல்ல சந்தைகள் வாடகை கட்டிய எவருக்கும் இடம் தருவதில்லை. விண்ணப்பத்தைத் தேர்வுக்குழு பார்க்கும். விற்கும் பொருளின் படங்கள், கூடாரத்தின் படம், நீங்கள் கடையில் அணியும் உடையின் படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பொருளின் படத்தில் உட்புறத் தையலையும் ஒரு காஜாவையும் அருகில் எடுத்துச் சேர்ப்பது பலருக்குத் தோன்றாத ஒன்று. தேர்வுக்குழுவில் இருப்பவர்களும் துணியைத் திருப்பிப் பார்ப்பவர்கள்தாம். வசந்தச் சந்தைக்குரிய விண்ணப்பம் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடுவதுண்டு. பத்து இலட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழையும், கூடாரத் துணி தீத்தடுப்புப் பெற்றது என்பதற்கான சான்றையும் சில அமைப்பாளர்கள் கேட்பார்கள்.

சொந்தக் கைவேலையை மட்டுமே ஏற்கும் சந்தைகளில், ஊரில் தெரிந்தவர்களைக் கொண்டு தைத்து வரவழைத்த சரக்கை உங்கள் கைவேலையாகக் காட்டாதீர்கள். அத்தகைய சரக்கை ஏற்கும் சந்தைகளும் இருக்கின்றன. அங்கே உரிய சுங்கத்தைச் செலுத்தி, இந்தியாவில் தைத்தது என்று முத்திரையிட்டு விற்கலாம். ஆனால் பலகையில் 'இந்தியக் கைவினை' என்று ஆங்கிலத்தில் பொதுவாக எழுதிவிட வேண்டாம். அந்நாட்டில் அச்சொல் பூர்வகுடியினரையும் குறிக்கும். பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததுபோல் விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று குற்றமாக்கியிருக்கிறது. முத்துவேலையும் மொக்கசின் செருப்பும் விற்கும் கடைகளுக்கு நடுவில் இந்த மயக்கம் எளிதில் நேரும்.

முத்திரையும் வரியும்

முதலில் குடிவரவு. எச்–1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் சொந்தக் கடை வைத்து விற்பது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படும். எச்–1பி ஊழியரின் துணைவராக எச்–4 விசாவில் இருப்பவருக்கு வேலை அனுமதி அட்டை வேண்டும். பொழுதுபோக்குதானே என்ற விளக்கம் உதவாது.

உடையில் மூன்று செய்திகள் முத்திரையாக இருக்க வேண்டும்: இழைகளின் பெயரும் விழுக்காடும், தயாரான நாடு, தயாரித்தவரின் பெயர் அல்லது கூட்டாட்சி வணிக ஆணையம் கட்டணமின்றித் தரும் பதிவெண். லினன் பெரும்பாலும் இறக்குமதி என்பதால், இறக்குமதித் துணியில் அமெரிக்காவில் தைத்தது என்பதே சரியான வாசகம். கழுத்துள்ள உடையில் நாட்டின் பெயர் கழுத்தின் உட்புற நடுவில் வர வேண்டும். துவைக்கும் முறையைச் சொல்லும் முத்திரையும் நிலையாகத் தைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரே கொடுத்த துணியில் தைத்தால் இது தேவையில்லை. வெள்ளை நாடாவில் மையால் அச்சிட்டு நான்கு தையலில் பிடித்துவைத்தால், வாங்கியவர் முகாமுக்குப் போகும்முன் பிரித்துக்கொள்வார். 12 வயது வரையுள்ள குழந்தைகளின் உடைக்குத் தனி விதிகள் உண்டு. குறிப்பாகக் குழந்தைகளின் மேலங்கியில் தலைமூடியிலோ கழுத்திலோ இழுத்துக் கட்டும் கயிறு வைத்து விற்கக் கூடாது, கொக்கி வையுங்கள். விதிகளைப் படித்த பிறகு, முதல் ஆண்டில் குழந்தை உடையை விட்டுவிடலாம் என்றே தோன்றும்.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். மேரிலாந்தில் 6 விழுக்காடு, இந்தியானாவில் 7. பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் அன்றாட உடைக்கு வரி இல்லை. மாசசூசெட்ஸில் 175 டாலர் வரை இல்லை. நியூயார்க்கில் 110 டாலருக்குக் குறைந்த உடைக்கு மாநில வரி இல்லை. ஆனால் நியூயார்க்கின் விலக்கில் வேட உடை சேராது. உங்கள் சட்டை சட்டையா வேடமா என்ற கேள்வி தத்துவம் போலத் தோன்றினாலும், விடையை வரித்துறையிடமிருந்து எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. நியூயார்க்கில் விற்கத் தொடங்குவதற்கு 20 நாள் முன்னதாகப் பதிவுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டில் நிகர வருவாய் 400 டாலரை எட்டினால் கூட்டாட்சி அரசுக்குச் சுயதொழில் வரியும் உண்டு.

கூடாரத்தில்

கண்ணில் படும் எதுவும் 18ஆம் நூற்றாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. வெண்ணிறக் கித்தான் கூடாரம், மரப்பெட்டி, கூடை, மேசைமேல் முரட்டு லினன் விரிப்பு. உடை மாட்டும் ஹேங்கர் அன்று வழக்கில் இல்லை. சட்டைகளை மடித்து அடுக்குங்கள், கோட்டை மர ஆணியில் தொங்கவிடுங்கள். மடித்து வைப்பதில் ஒரு நன்மையும் உண்டு: வாங்க வருபவர் கையில் எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் திருப்பிப் பார்ப்பார். தண்ணீர்ப் புட்டியும் பிளாஸ்டிக் தொட்டியும் விரிப்புக்குக் கீழே போகட்டும். தீயணைப்பானைத் துணியால் மூடிக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். கடனட்டையில் பணம் வாங்கும் கருவி சிறு மரப்பெட்டிக்குள் இருக்கலாம், ஆனால் கோட்டைகள் ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் இருப்பதால் அலைபேசித் தொடர்பு அடிக்கடி அறுந்துவிடும். தொடர்பில்லாமலும் வேலை செய்யும் முறையை வீட்டிலேயே சோதித்துவிட்டுப் போங்கள், சில்லறையும் வேண்டும்.

அளவை எஸ், எம், எல் என்று எழுதாமல் மார்பு அளவை அங்குலத்தில் எழுதுங்கள். கச்சு அணிந்த பெண்ணின் அளவும் அணியாதபோது எடுத்த அளவும் ஒன்றல்ல என்பதால், கவுனுக்கு அளவெடுக்கும்போது அவர் தம் கச்சை அணிந்திருப்பது கட்டாயம். அணியாமல் வந்தவருக்கு நாள் குறித்துக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், விற்பனை கைநழுவினாலும் பரவாயில்லை. முன்பதிவைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். எந்த நிகழ்வுக்கு வேண்டும் என்று கேட்டு, அதற்கு மூன்று வாரம் முந்தைய நாளை ஒப்படைக்கும் நாளாகக் குறியுங்கள். ஒரு பருவத்தில் உங்கள் கையால் எத்தனை முடியும் என்பதைக் கணக்கிட்டு, அந்த எண் வந்தவுடன் பதிவேட்டை மூடிவிடுங்கள். நான் முதல் ஆண்டில் மூடவில்லை. ஆகஸ்ட் முழுவதும் விளக்கடியில் காஜா போட்டும் இரண்டு கோட்டுகள் உரிய நாளில் போய்ச் சேரவில்லை.

கடை சும்மா இருக்கும் நேரத்தில் கையில் ஏதாவது ஒரு தையலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கூவி அழைப்பதைவிட அது அதிகம் பேரை நிறுத்தும். வருபவர் கேட்கும் கேள்விகளையும், இல்லை என்று நீங்கள் சொல்ல நேர்ந்த அளவுகளையும் ஒரு தாளில் குறித்துவைத்தால், குளிர்காலத்தில் எதைத் தைப்பது என்ற கேள்விக்கு விடை அதிலேயே இருக்கும். சந்தை முடியும் நேரத்துக்கு முன் கடையைக் கட்டினால் அடுத்த ஆண்டு இடம் கிடைக்காது என்பதால், மழை பெய்தாலும் கடைசி மணி வரை இருங்கள். ஈரத்தோடு மடித்த கித்தான் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். ஆகவே வீடு சேர்ந்ததும் முதலில் கூடாரத்தை விரித்துக் காயப்போடுங்கள், பணப்பெட்டியை அதற்குப் பிறகு எண்ணலாம்.